உங்களுக்கு முன்னால் ஒருவர்

காலை பதினொன்று பதினான்குக்குச் சர்வரிலிருந்து வர வேண்டிய துடிப்பு மூன்று விநாடி தாமதமாக வந்தது.

அவ்வளவுதான் நடந்தது. கூரை இடியவில்லை, விளக்கு அணையவில்லை. மூன்றாவது மாடியில், ஜன்னலோர மேசையில், ஏடு படிந்து ஆறிப்போன டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் திரையைப் பார்த்தாள். நேராக ஓடிக்கொண்டிருந்த பச்சைக் கோடு ஓரிடத்தில் மட்டும் ஊசிபோல் மேலே குத்தி நின்று, இறங்கி, ஒன்றுமே தெரியாத மாதிரி மறுபடி நேராக ஓடியது. அந்த மூன்று விநாடியை அவளுக்குத் தெரியும். அது அவள் போட்டது. போட்ட கையாலேயே எடுத்தும்விட்டாள், போன வாரமே.

கம்ப்யூட்டர் சங்கதி என்று மிரள வேண்டாம், சுலபமாகவே சொல்லிவிடுகிறேன். நாற்பது ஆஸ்பத்திரிகளுக்கு டோக்கன் கொடுக்கிற சர்வர் அது. பெரிய சாப்பாட்டுக் கடை ஒன்றில் பரிமாற ஒரே ஒரு ஆள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்த மேசையில் கேட்டதைச் சமையலறையில் சொல்லிவிட்டு, அது வேகும்வரை நிற்காமல் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். உள்ளே மணி அடித்தால் வந்து தட்டை எடுத்துக்கொண்டு ஓடுவார். ஒற்றை ஆள் ஆயிரம் பேருக்கு ஈடுகொடுப்பது அந்த ஓட்டத்தால்தான். அவர் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. ஒருவர் பக்கத்திலேயே கைகட்டி நின்றுவிடக் கூடாது. நின்றால் கடையே நிற்கும்.

அந்தச் சர்வரை எட்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியவள் அவள்தான். வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் இந்தப் பாடத்தை எடுப்பவளும் அவள்தான். ஆபீசில் அதற்கு ‘அக்கா சர்வர்’ என்றே பெயர். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சிட்டு வருகிறவரைக்கும்.

சிட்டு என்பது ஆபீஸ் வைத்த பெயர். ஒல்லியான உடம்பு, ஓரிடத்தில் உட்காராத கால், பேச ஆரம்பித்தால் கமா போடாத வாய். வந்த இரண்டாவது மாதம், நாலே நாளில் அவள் ஒரு பக்கம் எழுதினாள். டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருக்கிறவர்கள் ஃபோனில் திறந்து பார்க்கிற பக்கம், அதே சர்வரில் ஓடுவது. ‘உங்களுக்கு முன்னால் ஏழு பேர்’ என்று காட்டும். ஏழு ஆறாகும், ஆறு ஐந்தாகும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் யாரோ ஒரு வயதானவர் அதற்காகக் கடிதமே எழுதிவிட்டார்: ‘இப்போதெல்லாம் பயப்படாமல் பாத்ரூம் போய்வர முடிகிறது, நன்றி.’ மேலாளர் அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். எட்டு வருஷம் ராப்பகலாக டோக்கன் கொடுத்த சர்வருக்கு ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறபோதும் வருகிறபோதும் அவள் அந்தக் கடிதத்தைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருந்தது.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடம் அரைநாள் விட்ட ஒரு வெள்ளிக்கிழமை, மகளை ஆபீசுக்குக் கூட்டிவந்தாள். ஒன்பது வயது, இடுப்புவரை தலைமுடி. அவள் ஒரு கூட்டத்தை முடித்துக்கொண்டு வருவதற்குள் சிட்டு அந்த முடியை மீன்முள் பின்னலாகப் பின்னி, நுனியில் நீல ரிப்பன் கட்டி முடித்திருந்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மகள் பின்னலைத் தடவிக்கொண்டே வந்தாள்.

“நீ பின்னினா இழுக்குதும்மா. சிட்டு சித்தி பின்னினா வலிக்கவே இல்ல.”

சித்தியாம். ஒரு மத்தியானத்தில் சித்தியாகிவிட்டாள்.

அந்த இழுப்பு நெஞ்சில் கிடந்து அறுத்தது. அடுத்த வாரம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், அவள் சிட்டுவின் பக்கத்துக்குள் நுழைந்து ஒரே ஒரு வரியைச் செருகினாள். மூன்று விநாடி காத்திரு. அந்தப் பக்கம் மந்தம் என்று நாலு பேர் சொன்னால் போதும், கடிதம் சுவரிலிருந்து இறங்கிவிடும் என்று நினைத்தாள். காத்திருப்பதில் இரண்டு விதம் உண்டு. சமையலறையில் சொல்லிவிட்டு நகர்வது ஒன்று, அங்கேயே நிற்பது ஒன்று. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள், பொறாமை கண்ணை மறைக்க, நிற்கிறதைப் போட்டுவிட்டாள்.

சோதித்துப் பார்க்க ஒரு டோக்கன் வேண்டியிருந்தது. தன் பெயரைப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று பெயர் கேட்ட இடத்தில் வெறும் புள்ளி வைத்தாள். சீக்கிரம் முடியட்டும் என்று அந்தப் புள்ளியை வரிசையில் எல்லோருக்கும் முன்னால் தள்ளினாள். ஒன்றாம் எண்ணுக்கும் முன்னால், பூஜ்யத்தில். பதில் வருவதற்குள் மாடிப்படியில் சிட்டுவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பதிலை வாங்காமலே திரையில் திறந்திருந்த ஜன்னலை மூடினாள்.

இரண்டு நாள் நாற்பது ஆஸ்பத்திரியும் தவித்தன. சிட்டு கண் சிவந்து உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அவளுக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, இனிப்பாகத்தான் இருந்தது. வெளியிலிருந்து ஆள் வைத்து வரி வரியாகப் பார்க்கலாம் என்று மேலாளர் சொன்னதும் பயந்துபோய் அந்த வரியை எடுத்துவிட்டாள். எடுத்ததும் எல்லாம் சரியாயிற்று.

ஐந்து நாள் கழித்து, இன்று, மறுபடி மூன்று விநாடி.

மத்தியானத்துக்குள் பதினாறு தடவை ஊசி குத்தியது. மேலாளர் அவள் மேசைக்கே வந்தார்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் தெரியலன்னா, சிட்டு இதைப் புதுசா எழுதட்டும்மா. உங்களுக்கும் எட்டு வருஷப் பாரம் இறங்கும்.”

“எனக்கு யாரும் பாரம்னு சொல்லலையே சார்.”

“நான் சொல்றேன்ல.”

அவர் போனதும் சிட்டு நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். “அக்கா, நானும் கூட உக்காரவா? ரெண்டு பேராப் பாத்தா சீக்கிரம் புடிச்சிடலாம்.”

“நீ உன் பக்கத்தப் பாரு.”

“பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சுக்கா. அதுல ஒண்ணுமில்ல.”

“அப்ப இன்னொரு தடவ பாரு.”

சிட்டு நாற்காலியைத் திரும்ப உருட்டிக்கொண்டு போன சத்தம் தரையில் நெடுநேரம் கரகரத்தது.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். விவரங்கள் இருக்கிற கிடங்கு கண் சிமிட்டுவதற்குள் பதில் தந்தது. வெளியே போகிற கம்பியில் குறையில்லை. சர்வர் தன் பழைய குப்பையைத் தானே கூட்டுகிற வேலை அதன் நேரத்துக்கு நடந்து ஓய்ந்தது. கடைசியாக, இயந்திரத்தின் முன்னாலேயே போய் நின்று பார்க்கலாம் என்று நடைபாதைக் கோடியில் இருந்த குளிர் அறைக்குப் போனாள். தூசியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாடை, முழங்காலுக்குக் கீழே ஓடுகிற குளிர்காற்று, சுவர் முழுக்க அடுக்கிய பெட்டிகளில் மினுங்குகிற பச்சைப் பொட்டுகள், ஒரு பெரிய தேனீக்கூட்டுக்குள் தலையை விட்டமாதிரி விடாமல் இரைகிற விசிறிகள். வேலை மிகுந்து திணறுகிற இயந்திரம் சூடேறும், விசிறி இன்னும் வேகமாக இரையும். அவள் அதற்காகத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கையிலிருந்த திரையில் ஊசி குத்திய அந்த நொடியில் விசிறிகள் தணிந்தன. யாரோ மெல்லிய குரலில் பேசுவதைக் கேட்க, பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்க்கிறவர்களைப் போலத் தணிந்தன. மூன்று விநாடி. பிறகு பழையபடி இரைந்தன.

அன்று சாயங்காலம் வீட்டில் கணவன் சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். பள்ளி ஆசிரியன், சிவப்புப் பேனாவும் கண்ணாடியும் இல்லாமல் அவனை அவள் அதிகம் பார்த்ததில்லை.

“டீ போடவா?” என்றாள்.

அவன் நிமிர்ந்தான். அவளைப் பார்க்கவில்லை. மேசையின் நான்காவது நாற்காலியைப் பார்த்தான். வீட்டில் மூன்றே பேர். அந்த நாற்காலியில் துவைத்த துணி கிடக்கும், அன்று அதுவும் இல்லை. அவன் முகம் இளகியது. காது கொடுக்கிற முகம். லேசாகத் தலையாட்டினான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

“போடேன்.”

“அங்க என்ன பாத்தீங்க?”

“எங்க?”

“இப்ப, அந்த நாற்காலிய.”

“நான் எங்க பாத்தேன்? நீ கேட்டதும் சொன்னேனே.” அவன் சிரித்தான். “ஆபீஸ்ல ரொம்பப் படுத்துறாங்களா?”

அவள் அடுப்படியில் நின்று எண்ணினாள். மகளைக் கூப்பிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று. “என்னம்மா?”

மறுநாள் அது ஏழு விநாடியாகியிருந்தது. ஆபீசிலும். வீட்டிலும்.

புதன்கிழமை அவளுக்கு ஒன்று உறைத்தது. சர்வர் ஒவ்வொரு ஆளையும் கவனித்து முடித்த பிறகுதான் பதிவேட்டில் ஒரு வரி எழுதும். அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள். முடிந்தவர்கள் மட்டும் பதிவாவார்கள். முடியாமல் இன்னும் நின்றுகொண்டிருப்பவர் யாராவது இருந்தால்? எட்டு வருஷம் தேடினாலும் அவர் பதிவேட்டில் அகப்பட மாட்டார். உள்ளே வரும்போதே ஒரு வரி எழுதும்படி மாற்றினாள். யாரெல்லாம் இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் வந்து வந்து மறைந்தன. வந்தவர்கள், முடித்தவர்கள், போனவர்கள். மேலே ஒரு வரி மட்டும் நகரவில்லை.

எண்: பூஜ்யம். பெயர்: ஒரு புள்ளி. வந்த நேரம்: அந்த மத்தியானம், ஒன்று இருபது. முடிந்த நேரம்: எதுவுமில்லை.

அவள் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த வரியை அழித்தாள். அழிந்தது. சர்வரையே நிறுத்தி, பத்து எண்ணி, திரும்பக் கிளப்பினாள். நிறுத்தினால் உள்ளே யாரும் மிஞ்ச முடியாது. அது அவளுக்கு உள்ளங்கை மாதிரித் தெரியும். புதிதாகக் கிளம்பிய சர்வர், இன்னும் ஒருவருக்குக்கூட டோக்கன் கொடுக்காத சர்வர், முதல் வரியை எழுதியது.

பூஜ்யம். புள்ளி. அந்த மத்தியானம், ஒன்று இருபது.

ஊசி குத்தியது. இருபது விநாடி.

அந்தப் புள்ளியை எல்லோருக்கும் முன்னால் நில் என்று அவள்தான் நிறுத்தினாள். அதன் பக்கத்திலேயே காத்திரு என்று சர்வரிடம் அவள்தான் சொன்னாள். அது யார் என்று மட்டும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் ஒரு முடிவோடு வந்தாள். சொல்லிவிடலாம். வேலை போனாலும் போகட்டும். சிட்டுவின் மேசைக்குப் போய் நின்றாள். இத்தனை நாளும் அந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், கடித்துக் கடித்து ரணமான நகம். சின்னப் பெண்.

“சிட்டு. அந்த முத ரெண்டு நாள் தாமதம் இருந்துச்சில்ல, அந்த வரிய நான்தான் போட்டேன். உன் பக்கத்துல. வேணும்னேதான் போட்டேன்.”

சிட்டு நிமிர்ந்தாள். தலை திரும்பியது, அவளைத் தாண்டி இடப்பக்கம், காலியாகக் கிடந்த நாற்காலிக்கு. கன்னத்தில் கையூன்றினாள். புருவம் உயர்ந்தது. எதையோ கேட்டுச் சிரித்தாள், அந்த மாடிப்படிச் சிரிப்பு. சொன்னவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அரை நிமிஷம். ஒரு நிமிஷம். ஆபீஸ் முழுக்கக் கீபோர்டுச் சத்தம் நின்றிருந்தது. சுற்றிலும் பார்த்தாள். மேலாளர், ஜன்னல் பக்கத்து ஆட்கள், தண்ணீர் கேன் கொண்டுவந்தவர், எல்லா முகமும் அந்த நாற்காலியின் பக்கம். எல்லா முகமும் இளகி.

எட்டு வருஷத்தில் ஒருவரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு அதுதான் முதலில் தோன்றியது.

ஒன்றரை நிமிஷத்தில் கீபோர்டுகள் தட்டத் தொடங்கின. சிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

“ஏதோ சொல்ல வந்தீங்களேக்கா. சொல்லுங்க.”

“சொன்னேனே.”

“எப்ப? இப்பதானே வந்து நின்னீங்க.”

இன்னொரு தடவை சொல்லாமல் தன் மேசைக்குத் திரும்பினாள்.

மாலை ஆறு மணிக்கு மேல் நாற்பது ஆஸ்பத்திரியிலும் டோக்கன் கிடையாது. வரிசை காலியாக இருக்கும். வீட்டு மாடிப்படி ஏறும்போது அவள் ஃபோனில் தன் பெயருக்கே ஒரு டோக்கன் போட்டு, சிட்டுவின் பக்கத்தைத் திறந்தாள். முன்னால் யாருமில்லை என்று வர வேண்டும். வந்துவிட்டால் இதெல்லாம் தன் மனசின் கோளாறு. தூங்கினால் தீரும்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் எழுத்து வந்தது.

‘உங்களுக்கு முன்னால் ஒருவர்.’

அப்போதுதான் மேலே, தன் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து, மகள் சிரிக்கிறது கேட்டது. வாய்விட்டு, மூச்சுத் திணறத் திணற. அவளோடு அப்படிச் சிரித்து எத்தனையோ மாதமாயிற்று. சிரிப்புக்கு நடுவே குரல்: “நீங்க பின்னினா இழுக்கவே இல்ல.”

சிட்டு. வீட்டுக்கே வந்துவிட்டாள். அவளுக்கு முகம் கொதித்தது. பயம் போன இடம் தெரியவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறினாள். என் வீடு, என் நாற்காலி, என் பிள்ளையின் தலை. மணியை அழுத்தினாள். ஒருவரும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். உள்ளே மணி அடிப்பது அவளுக்கே கேட்டது. கைப்பைக்குள் துழாவிச் சாவியை எடுத்துத் திறந்தாள்.

வாசலில் சிட்டுவின் செருப்பு இல்லை.

கூடத்தில் விளக்கு எரிந்தது. தேங்காயெண்ணெய் வாசனை. சுவர்க் கடிகாரச் சத்தம். மேசையில் நாலு டீக் கோப்பை, மூன்றில் ஏடு படிந்திருந்தது. நாலாவது காலி. கணவன் சிவப்புப் பேனாவை உயர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். மை ஒரு பையனின் விடைத்தாளில் சொட்டி வட்டமாகப் பரவியிருந்தது. அவன் கவனிக்கவில்லை. நான்காவது நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான், கல்யாணமான புதிதில் அவளைப் பார்த்த அதே பார்வை.

அந்த நாற்காலியின் காலடியில், அதற்கு முதுகு காட்டி, மகள் சம்மணம் போட்டிருந்தாள்.

நாற்காலியில் யாருமில்லை.

மெத்தை அமுங்கியிருந்தது.

“என்னங்க,” என்றாள்.

யாரும் திரும்பவில்லை.

“கண்ணு. அம்மா வந்துட்டேன்.”

கடிகாரம். கடிகாரம். கடிகாரம்.

மகளின் முடி அசைந்தது. உச்சியிலிருந்து மெல்லிய கீற்று ஒன்று பிரிந்து எழுந்தது. வளைந்தது. இன்னொன்றின் மேல் படுத்தது. இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று. மீன்முள். அவசரமே இல்லாமல். ஒரு முடி இழுபடாமல்.

அவள் ஓரடி வைக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. கூப்பிடப் பார்த்தாள். கூப்பிட்டாள். தன் குரல் தன் காதில் விழவில்லை.

கையில் ஃபோன் ஒளிர்ந்தது. ஒருவர்.

பின்னல் இடுப்புவரை இறங்கியது. நீல ரிப்பன் தரையிலிருந்து எழுந்து நுனியைச் சுற்றியது. முடிச்சு விழுந்தது. மகள் கண்ணை மூடி, முகத்தைப் பின்னால் சாய்த்தாள். அவள் கன்னத்தில் நாலு குழி விழுந்தது. பிறகு ஐந்தாவது. பிஞ்சுக் கன்னம் மெல்ல அமுங்கி, மெல்ல விடுபட்டது. மகள் பூரித்துச் சிரித்தாள்.

முடிந்துவிட்டது. இனி தன் முறை. அவள் வாசலில் நின்றபடியே இரண்டு கையையும் நீட்டினாள்.

ரிப்பன் அவிழ்ந்தது.

பின்னல் நுனியிலிருந்து கீற்றுக் கீற்றாகப் பிரிந்து தோளில் சரிந்தது. மகள் நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்தை நேராக்கிக்கொண்டாள். உச்சியிலிருந்து மெல்லிய கீற்று ஒன்று, மறுபடி, பிரிந்து எழுந்தது.